அஞ்சாமையும் அறப்பள்ளியும்

அஞ்சாமையாவது யாதென வினவினார்க்குச் சைவருட் பலர் திருநாவுக்கரசு சுவாமிகளையே எடுத்துக்காட்டுவர். நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் மேடைதோறும் பேசப்படுகின்றன. அச்சுவாமிகள் திருக்கரத்தினின்றும் நீங்காத உழவாரம் அத்துணைப் பேசப்படுவதில்லை. பல்லவன் செய்த இடுக்கண் சின்னாளைக்கே. உழவாரமோ அவர் தொண்டுநாள் முழுமைக்கும் உரியது.

அவர் திருவாக்கிற் பயின்ற வைப்புத் தலங்களுள் ஒன்று கொல்லிமலை அறைப்பள்ளி. இந்நாளில் அறப்பளீசுரர் திருக்கோயில் என வழங்குவது. அம்மலையில் 1913ஆம் ஆண்டில் ஜெஸ்ஸி பிராண்டு, ஈவ்லின் என்னும் ஆங்கிலத் தம்பதிகள் கிறிஸ்தவப் பிரசாரத்தின் பொருட்டுக் குடியேறினர். 70 கொண்டையூசி வளைவுகளையுடைய இற்றைப் பாதை அன்றில்லை, மலைச்சுரமோ மிகுதி. நரம்புச்சிலந்தியால் வருந்தினார் காலினின்று அப்புழுவைக் குச்சியிற் சுற்றிச் சிறிது சிறிதாக வாங்கினார் பிராண்டு. 1918ஆம் ஆண்டு விஷசுரம் பரவியபோது அவ்விருவரும் குடிசைதோறும் கஞ்சி சுமந்தனர். அவரை எதிர்த்து நின்ற மலைப்பூசாரியே சாகுந் தறுவாயில் தம் மகளை அவர்பால் ஒப்புவித்தார் என அவர் புதல்வர் எழுதியுள்ளார். 1929இல் மலைச்சுரம் முற்றிய கொடுநோயாற் பிராண்டு அம்மலையிலேயே இறந்தார். மனைவியாரோ, 68 வயதளவிற் சங்கத்தார் ஓய்வு கொடுத்த பின்னரும், தாமே மலையேறித் தம் பணியைத் தொடர்ந்து, 1974இல் 95ஆம் வயதில் மறைந்தார்.

மதமாற்றத்திற்கு வந்தாரைத் துணிவுடையார் என்றல் தகுமோ எனின், மதமாற்றமே அவர் கருத்தென்பது உண்மை. அதனை அவர் மறைத்தாருமல்லர். அவர் கொள்கை சித்தாந்தத்திற்கு மாறென்பதும் உண்மை. ஆயினும், சமவெளியிலிருந்து எழுதும் மறுப்புரை சுரத்திற் கிடந்தான் வாயிற் கஞ்சி வார்க்குமோ?

இனி, சைவத்திற்கு ஞானமே சிறந்தது, சரியை கீழ்ப்படி என்று ஒதுங்குவாருமுளர். சித்தாந்தம் பயின்றார் இங்ஙனங் கூறுதல் பெரிதும் வியப்பாம். ஆணவத்தான் மறைப்புண்ட உயிர்க்குக் கலை என்னுந் தத்துவம் முதற்கண் கிரியையை எழுப்ப, அதன் பின்னரே வித்தை அறிவை விளக்கும் என்பது அவர் நாடோறும் பாடஞ்சொல்லும் முறையன்றோ? செயலெழாதிருக்க அறிவு மட்டும் எழுந்தவாறு எங்ஙனம்? திங்களூரில் அப்பூதியடிகள் அரசரைக் கண்ணாற் காணுமுன்னரே அவர் பெயராற் தண்ணீர்ப்பந்தர் வைத்தார்; கண்டு தெளிந்தபின் செய்வேம் என்று காத்திருந்தாரல்லர்.

ஆடிப் பதினெட்டில் அறப்பளீசுரரைத் தரிசிக்கச் சைவர் திரளாக ஏறுகின்றனர். பொழுது சாயுமுன் இறங்கியும் விடுகின்றனர். அவருள், அம்மலைக்குடிகளின் நோயும் குறையும் வினவி ஓரிரவேனும் ஆங்குத் தங்கியார் எத்துணையர்?