எரிந்த கட்சியும் எரியாத கட்சியும்

மாசி மாதம் பிறந்துவிட்டால் ஊவா மாகாணத்துத் தோட்டங்கள் பலவற்றில் காமன் ஊன்றும் விழா தொடங்கிவிடும். கொழுந்து பறித்த கைகள் ஓய்ந்த இரவு வேளைகளிலே, தப்பொலி மலைக்கு மலை எதிரொலிக்க, இரதியும் மன்மதனும் வேடம் புனைந்து ஆடுவர். இறுதியிலே சிவபெருமானின் நெற்றிக்கண் திறக்கிறது. காமன் எரிந்து சாம்பலாகிறான்.

தமிழகத்தின் தஞ்சை வட்டாரத்தில் இந்தக் காமன் பண்டிகையை ஒட்டி லாவணி என்னும் பாட்டுப் போட்டி நிகழ்வது வழக்கம். இரு கட்சியினர் எதிரெதிரே அமர்வர். காமன் எரிந்தே போனான் என்று வாதிடுவோர் ‘எரிந்த கட்சி’. எரியவே இல்லை என்று வாதிடுவோர் ‘எரியாத கட்சி’. புராணத்திலிருந்து கேள்வி பிறக்கும். புராணத்தைக்கொண்டே விடையும் பிறக்கும். ஊரார் இரவெல்லாம் விழித்திருந்து இரு பக்கத்தையும் கேட்பர். புராணம் மெய்யா பொய்யா என்று வாதாடுவதையே ஒரு கலையாகப் போற்றியவர்கள் நம்மவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

இதனை இவ்வாரம் எடுத்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் மாணவர் பலர் உள்ளத்தில் எழுகின்ற வினா ஒன்று இருக்கிறது. இராமாயணம் உண்மையில் நடந்ததா? இராவணன் ஆண்ட இலங்கை நம் இலங்கைதானா? இவ்வினாவை வேறெந்த மாகாணத்து மாணவரையும்விட ஊவா மாணவர் கேட்பதில் நியாயம் மிகுதி. ஏனெனில் அவர்கள் நடக்கும் வழியெல்லாம் அக்கதையின் பெயர்களே நிற்கின்றன.

எல்லவிலிருந்து வெல்லவாயவுக்கு இறங்கும் வீதியின் ஓரத்திலே இராவணா எல்ல நீர்வீழ்ச்சி பாய்கிறது. அதன் அருகிலுள்ள மலைக் குகை, சீதையை இராவணன் மறைத்து வைத்த இடம் என்று சொல்லப்படுகிறது. வெலிமடைக்கு அருகே திவுரும்பொல என்னும் பௌத்த விகாரை உள்ளது. அப்பெயருக்குச் சத்தியம் செய்த இடம் என்பது பொருள். சீதை தீக்குளித்துத் தன் கற்பை நிறுவியது அங்கேதான் என்பர். மாகாண எல்லையைத் தாண்டி நுவரெலியாப் பக்கம் போனால் சீதா எலியவில் சீதையம்மன் கோயில் இருக்கிறது. இத்தகைய இடங்களை எல்லாம் கோத்து ‘இராமாயணப் பாதை’ என்று உல்லாசப் பயணத் துறையினர் விளம்பரம் செய்து வருகின்றனர். இந்தியாவிலிருந்து பக்தர்கள் வருகிறார்கள். அவர்களை நம்பி வாகனம் ஓட்டுவோரும் கடை வைத்திருப்போரும் பிழைக்கிறார்கள்.

எரியாத கட்சியார் கூறுவது இதுதான்: இத்தனை இடங்களுக்கு இத்தனை பெயர்கள் காரணமின்றி வந்திருக்குமா? சங்கப் பாடல்களாகிய புறநானூற்றிலும் அகநானூற்றிலும் இராமகதை குறிக்கப்படுகிறதே. ஞானசம்பந்தர் தம் பதிகங்கள்தோறும் எட்டாம் பாட்டிலே இராவணனை நினைவுகூர்கிறாரே. நெருப்பில்லாமல் புகையுமா?

எரிந்த கட்சியாரின் விடையும் வலுவுள்ளதே. வான்மீகி தம் காவியத்தில் இலங்கைக்கும் கரைக்கும் இடைப்பட்ட கடல் நூறு யோசனை தூரம் என்கிறார். யோசனைக்குக் கணக்கு பலவாயினும், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே உள்ள ஏறத்தாழ 30 கிலோமீற்றருக்கு அது எவ்வகையிலும் பொருந்தாது. பழைய இந்திய வான நூலார் இலங்கை என்னும் இடத்தைப் பூமத்திய ரேகையிலே வைத்துக் கணித்தனர்; நம் தீவோ அதற்கு வடக்கே கிடக்கிறது. 1940இல் பரமசிவ ஐயர் என்பவர் இராவணனின் இலங்கை மத்திய இந்தியாவில் ஜபல்பூர்ப் பக்கத்தில் இருந்தது என்று நூலே எழுதினார். தொல்பொருள் ஆராய்ச்சியில் புகழ்பெற்ற சங்காலியாவும் மத்திய இந்தியாவையே சுட்டினார். இந்நாட்டின் பழைய வரலாற்றைச் சொல்ல வந்த மகாவம்சத்தில் இராவணன் கதை இல்லை. பண்டாரவளைக் குன்றுகளில் வரலாற்றுக்கு முற்பட்ட மனிதரின் சின்னஞ்சிறு கல்லாயுதங்கள் கிடைத்திருக்கின்றன; பொன்னகரம் எதுவும் கிடைக்கவில்லை.

கதையே ஒன்றாக இல்லை என்பதையும் மாணவர் கவனிக்க வேண்டும். வான்மீகியில் இராவணன் சீதையைக் கையாற் பற்றித் தூக்குகிறான். கம்பரிலோ அவளைத் தீண்டாது பர்ணசாலையை நிலத்தோடு பெயர்த்தெடுக்கிறான். விமலசூரி என்னும் சைனப் புலவரின் நூலில் இராவணனைக் கொல்பவன் இராமன் அல்லன், இலக்குவன். பௌத்தரின் தசரத ஜாதகத்திலோ இராவணனும் இல்லை, இலங்கையும் இல்லை. இவற்றுள் எது நடந்தது என்று கேட்டால் யார்தான் விடை கூற முடியும்?

கதைகள் இடங்களோடு ஒட்டிக்கொள்ளும் விதத்தை அறிய நாம் இராவணன் காலத்துக்குப் போகவேண்டியதில்லை. எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே நிற்கும் ஒன்பது வளைவுப் பாலத்தடிக்குப் போனால் போதும். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924இல். அதற்காகக் கட்டிய அப்பாலத்துக்கு வயது ஒரு நூற்றாண்டுதான். அதற்குள் எத்தனை கதைகள்! முதல் உலக யுத்தத்தினால் இரும்பு வராமற் போகவே, இரும்பே இல்லாமல் உள்ளூரார் கட்டி முடித்த அற்புதம் என்பர். கல்லாலும் செங்கல்லாலும் அமைந்த வளைவுப் பாலம் தன் பாரத்தைத் தானே அமுக்கித் தாங்கும் தன்மையது; அதற்கு இரும்பு வேண்டியதே இல்லை. ஆயினும் அற்புதக் கதையைத்தான் ஊர் விரும்புகிறது. நேற்றைய பாலத்துக்கே இந்நிலை என்றால் ஈராயிரம் ஆண்டுக் காவியத்தின் நிலை என்னவாகும்!

இந்த வழக்கு நமக்கு மட்டும் உரியது என்று எண்ணற்க. அமெரிக்காவில் 1830ஆம் ஆண்டு ‘மோர்மன் நூல்’ என்ற ஒரு வேதநூல் அச்சாயிற்று. நியூயோர்க் மாநிலத்துப் பல்மைரா என்னும் ஊரின் அருகே, ஒரு குன்றிலே புதைந்திருந்த பொன் ஏடுகளைத் தேவதூதன் காட்டித் தந்ததாகவும், அவற்றைத் தாம் மொழிபெயர்த்ததாகவும் ஜோசப் ஸ்மித் என்ற இளைஞர் கூறினார். கிறிஸ்துவுக்கு 600 ஆண்டுகள் முன்னர் ஜெருசலேமிலிருந்து கப்பலேறிச் சென்ற ஒரு குடும்பத்தாரின் வழியினர் அமெரிக்காவில் பெருகி வாழ்ந்த வரலாறே அந்நூல். ஏடுகளைக் கண்டதாகப் பதினொருவர் கையொப்பமிட்டனர். ஏடுகளோ தேவதூதனிடமே திரும்பிப் போய்விட்டன என்பது அவர்களின் கூற்று. அந்நூலை வேதமாகக் கொண்டதுதான் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை.

அங்கும் இரு கட்சிகள் எழுந்தன. கொலம்பசுக்குப் பின்னரன்றோ ஐரோப்பியர் குதிரைகளை அங்கே கொண்டுபோயினர், நூலிலே குதிரை வருவது எப்படி என்று ஒரு கட்சி கேட்டது. வேறொரு விலங்கைக் குதிரை என்று குறித்திருக்கலாகாதா என்று மறு கட்சி விடையளித்தது. நூலை மெய்ப்பிக்கும் ஆவலுடன் தோமஸ் ஸ்டுவர்ட் பெர்குசன் என்னும் வழக்கறிஞர் 1952இல் ஒரு தொல்பொருள் ஆய்வு நிறுவனத்தையே தொடங்கினார். மெக்சிக்கோ நாட்டின் தென்பகுதியிலே பல்லாண்டு அகழ்ந்தனர். அந்நாட்டுப் பழங்குடிகளின் வரலாற்றுக்கு அரிய செல்வங்கள் கிடைத்தன. அவர் தேடிய சான்று மட்டும் கிடைக்கவில்லை. இறுதியில் அவரே நம்பிக்கை தளர்ந்தார். அமெரிக்கப் பழங்குடியினரின் முன்னோர் ஆசியாவின் வடகிழக்கிலிருந்து சென்றவர்கள் என்று மரபணு ஆராய்ச்சியும் காட்டியது. நூலின் முன்னுரையிலே அப்பழங்குடியினரின் ‘முதன்மையான முன்னோர்’ என்றிருந்த தொடரை, ‘முன்னோருள் சிலர்’ என்னும் பொருள்பட 2007ஆம் ஆண்டளவில் சபையாரே மாற்றினர். ஆயினும் அந்நூலை ஓதி ஒழுக்கத்திலும் உழைப்பிலும் சிறந்து வாழ்வோர் உலகெங்கும் இருக்கின்றனர். சரித்திரம் எவ்வாறாயினும் நூல் எம்மைத் திருத்தியது மெய் என்று கூறும் மூன்றாம் கட்சியினரும் அவர்களிடையே உண்டு.

இங்கே மாணவர் ஒரு வினாவை எழுப்பலாம். மெய்யாயினும் பொய்யாயினும் நமக்கு வந்த நட்டம் என்ன? பழங்கதைதானே, இருந்துவிட்டுப் போகட்டுமே!

அவ்வாறு விட்டுவிட முடியாது. கதையைக் கதையாகக் கேட்பது வேறு. அதையே காணி உறுதியாகக் காட்டி வழக்காடுவது வேறு. மாகாணத்தின் வடகோடியிலுள்ள மகியங்கனையில் புத்தபிரான் எழுந்தருளி, அங்கிருந்த இயக்கரை அகற்றினார் என்று மகாவம்சம் கூறுகிறது. பௌத்த அன்பர்களுக்கு அது புனிதத் தலம்; அதனை நாமும் வணங்கத் தக்கதே. ஆயினும் புத்தர் இத்தீவுக்கு வந்த செய்தி பாளி மொழித் திரிபிடகத்தில் இல்லை என்பதையும், அதனை வரலாற்று நிகழ்ச்சியாக ஆராய்ச்சியாளர் கொள்வதில்லை என்பதையும் மாணவர் அறிந்திருத்தல் வேண்டும். இராவணனுக்கும் இன்று உரிமையாளர் பலர். தமிழகத்துப் புலவர் குழந்தை அவனைத் தமிழ்த் தலைவனாக்கி 1946இல் ‘இராவண காவியம்’ பாடினார். 1948இல் அது தடை செய்யப்பட்டு 1971இலேதான் விடுபட்டது. நம் தோட்டப் பகுதிகளிலும் கிளை பரப்பிய இலங்கைத் திராவிட முன்னேற்றக் கழகம் அதே காற்றைச் சுவாசித்தது. இப்பொழுதோ சிங்கள மக்களுள் ஒரு சாரார் அவனைத் தம் ஆதி மன்னன் என்று கொண்டாடுகின்றனர். 2019இல் விண்ணுக்கு ஏவிய இலங்கையின் முதற் செயற்கைக்கோளுக்கும் இராவணன் பெயரையே சூட்டினர். கதையிலே தோற்றவனுக்கு இத்தனை வாரிசுகள் கிளம்புவர் என்று வான்மீகியும் எண்ணியிரார்!

ஆதிக்குடி யார் என்னும் இந்தப் போட்டியிலே மலைநாட்டுத் தமிழருக்கு எந்தப் புராணமும் துணை நிற்கவில்லை. நம் முன்னோர் கோப்பிக் காலத்திலே வந்தவர்கள். இராமன் அணை கட்டியதாகச் சொல்லப்படும் அதே நீரிணையைத் தோணியிலே கடந்து, மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டு வழியே நடந்தவர்கள். வழியிலே மாண்டவர்களுக்குக் கணக்கில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தந்தைவழி முன்னோர் இங்கே பிறந்ததற்கு அத்தாட்சி கேட்டது. பிறப்புச் சான்றிதழ் என்பதையே அறியாது லயத்து அறையிலே பிறந்தவர்கள் எதைக் காட்டுவார்கள்? பத்திரம் இல்லாததால் பல இலட்சம் பேர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவதென முடிவு செய்தது. எஞ்சியிருந்த நாடற்றோரின் குடியுரிமைப் பிரச்சினையைத் தீர்க்க 2003இலே ஒரு சட்டம் வேண்டியிருந்தது.

சான்று என்னும் சொல்லின் இரு முகங்களையும் நம்மைப்போல் அனுபவித்தவர் யார்? சான்று கேட்பது அறிவுடைமை. அதனை நாம் கைவிடலாகாது. அதே வேளையில், பத்திரம் இல்லை என்பதனாலேயே ஒரு வாழ்வு நடக்கவில்லை என்று ஆகிவிடாது. நம் பாட்டிமார் பிறந்ததும் உழைத்ததும் மாண்டதும் மெய். அதற்குச் சாட்சி இம்மலைச் சரிவுகளிலே நிற்கும் தேயிலைச் செடிகளும், வெட்டிய பாதைகளும், தோட்டத்துப் பெயர்ப் பதிவுகளும். இவை புராணமல்ல; எவரும் வந்து பார்த்துத் தெளியலாம். ஆகவே நம் உரிமையை நிலைநாட்ட இராவணனைச் சாட்சிக்கு அழைக்க வேண்டிய தேவை நமக்கில்லை. பிறருடைய புராணத்தைக் கண்டு அஞ்ச வேண்டியதும் இல்லை. ஒரு நாட்டில் வாழ்ந்து உழைத்தவருக்கு அந்நாட்டில் உரிமை உண்டு என்பது எந்த ஏட்டிலிருந்தும் கடன் வாங்கிய நியாயம் அன்று.

பெற்றோர்க்கு ஒரு சொல். குழந்தை ‘இது நடந்ததா?’ என்று கேட்டால் கோபிக்காதீர்கள். ‘எல்லாம் கட்டுக்கதை’ என்று ஒரே வீச்சில் வெட்டியும் விடாதீர்கள். முன்னது அதன் அறிவை நோகச் செய்யும். பின்னது அதன் நெஞ்சை வறளச் செய்யும். தெரிந்ததைத் தெரிந்தது என்றும், நம்புவதை நம்பிக்கை என்றும் பிரித்துச் சொல்லுங்கள்.

மாணவர்க்கும் ஒரு சொல். எந்த நூலைக் கண்டாலும் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதனை எழுதியவர் யார்? நிகழ்ச்சி நடந்ததாகச் சொல்லும் காலத்துக்கு எத்தனை நூற்றாண்டு பின்னால் எழுதினார்? இது தவறானால் அத்தவறு எதனால் வெளிப்படும்? இவற்றை அயலார் நூலிடம் மட்டும் கேட்டு, நம் நூலுக்கு விலக்கு அளிப்பது நேர்மையாகாது. கேட்ட பின்னரும் சீதையின் துயரம் நம் கண்ணை நனைக்குமானால், அக்காவியத்திலே சரித்திரத்தைவிட நிலையான ஒன்று இருக்கிறது என்று கொள்ளலாம்.

காமன் கதையிலேயே இதற்கொரு குறிப்பு இருக்கிறது. எரிந்த காமனை இறைவன் மீட்டுத் தந்தபோது, அவன் இரதியின் கண்ணுக்கு மட்டுமே உருவம் உடையவனாகவும் ஏனையோர்க்கு அருவமாகவும் இருக்குமாறு அருளினானாம். அவளுக்கு அவன் எரியவில்லை, உலகத்துக்கு எரிந்துவிட்டான். லாவணி பாடும் இரு கட்சியாருக்கும் இக்கதை நன்கு தெரியும். தெரிந்தும் அவர்கள் ஆண்டுதோறும் பாடுகிறார்கள். எதிர்க்கட்சிக்காரனை ஊரைவிட்டுத் துரத்த வேண்டும் என்று ஒருவரும் பாடுவதில்லை. அந்தப் பண்பை நம் பாடசாலைகளிலும் வீடுகளிலும் நாம் வளர்ப்போமாக.