மண்ணை ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு சித்தி!

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். இரண்டாம் வகுப்பு படிக்கும் அக்கா மகளிடம், வெந்தயம் முளைக்கவைத்துக் கொண்டுவரும்படி ஸ்கூலில் சொல்லியிருந்தார்கள்.

“மண்ணுக்கு என்னடி பண்ணுவ?”

“அம்மா ஆன்லைன்ல ஆர்டர் போட்டாச்சு சித்தி. நாளைக்கு வந்துடும்.”

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு சுருக்கென்றது. மூன்றாவது மாடி ஃப்ளாட், சிமென்ட் வாசல். அவள் எங்கே மண்ணைப் பார்ப்பாள்? பார்த்தாலும், “சீ, அழுக்கு, தொடாதே” என்றுதானே சொல்கிறோம்!

அன்று சாயந்திரமே இருவரும் கீழே போய், வேப்பமரத்தடியில் கொஞ்சம் மண் எடுத்துவந்தோம்.

பாட்டிலில் ஒரு பாடம்

மூடியுள்ள கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண். மீதிக்குத் தண்ணீர். ஒரு சொட்டு பாத்திரம் தேய்க்கும் லிக்விட். நன்றாகக் குலுக்கி, அசையாத இடத்தில் வையுங்கள். ஓரிரு நிமிடங்களில் மணல் அடியில் தங்கும். சில மணி நேரத்தில் அதன்மேல் வண்டல் படியும். களிமண் இறங்க ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். மக்கிய இலைத் துணுக்குகள் மேலே மிதக்கும். மணல் அதிகமென்றால், தண்ணீர் சீக்கிரம் இறங்கிவிடும் மண். களி அதிகமென்றால், தண்ணீரைப் பிடித்துவைக்கும் மண்.

“மழை பெய்தா ஒரு வாசனை வருமே, அது எப்படி?” என்று கேட்டேன். முழித்தாள். மண்ணில் வாழும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற பாக்டீரியாக்கள் உருவாக்கும் ஜியோஸ்மின்தான் அந்த மண்வாசனைக்கு முக்கியக் காரணம். அதே வகை பாக்டீரியா ஒன்றிலிருந்துதான் 1943-ல் ஸ்ட்ரெப்டோமைசினைக் கண்டுபிடித்தார்கள். காசநோய்க்குக் கிடைத்த முதல் ஆன்டிபயாடிக் அது. நாம் அழுக்கு என்று ஒதுக்கியதுதான் மருந்தும் கொடுத்திருக்கிறது!

தாத்தா விற்ற மண்

“மண்ணு தீர்ந்துபோகுமா சித்தி?” என்றாள் குட்டி. அவளுக்கு எங்கள் தாத்தா கதையைச் சொன்னேன்.

கடன் நெருக்கியபோது, அரை ஏக்கர் வயலின் மேல்மண்ணைச் செங்கல் சூளைக்கு விற்றார் தாத்தா. ஒரு முழ ஆழத்துக்கு வெட்டி, இரண்டே நாளில் லாரியில் ஏற்றிவிட்டார்கள். அடுத்து நட்ட நெல் தூர் கட்டவே இல்லை. குப்பையும் சாணமும் கொட்டிக்கொட்டி அந்த வயலைத் தேற்றுவதிலேயே அவருடைய கடைசி வருஷங்கள் போயின.

இரண்டு, மூன்று சென்டிமீட்டர் மண் உருவாக 1,000 ஆண்டுகள் வரை ஆகலாம் என்கிறது ஐ.நா-வின் உணவு மற்றும் வேளாண் அமைப்பு. நம் உணவில் சுமார் 95 சதவிகிதம் மண்ணை நம்பித்தான் இருக்கிறது.

“அப்போ தாத்தா வயலுக்கும் ஆர்டர் போட்டா?”

“மூட்டையில மண்ணு வரும்டா. வயல் வராது.”

டிசம்பர் 5, உலக மண் தினம். அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே உங்கள் வீட்டுக் குட்டிகளோடு இந்த பாட்டில் பரிசோதனையைச் செய்துபாருங்கள். நாய், பூனை அசுத்தம் செய்யாத இடமாகப் பார்த்து மண் எடுங்கள். முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள்.

ஆன்லைன் மண் மறுநாள் வந்துவிட்டதாம். ஆனால், குட்டி வெந்தயம் போட்டது வேப்பமரத்தடி மண்ணில்தான். மூன்றாம் நாள் முளைவிட்டதும் எனக்கு வீடியோ கால் வந்தது.