காசு கொடுத்தவனுக்குத்தான் பூட்டு

வீட்டில் பதிவு செய்வது இசையைக் கொல்கிறதாம். 1981-இல் பிரிட்டன் இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் கிளப்பிவிட்ட முழக்கம் இது. கேசட்டையே மண்டையோடாக வரைந்து, அடியில் இரண்டு குறுக்கெலும்பு வேறு. நாற்பது ஆண்டு தாண்டியும் மைக் கிடைத்தால் போதும், காப்பி எடுப்பவனெல்லாம் திருடன் என்று யாராவது ஆரம்பித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஒன்று, இசை செத்துவிடும். சாகவில்லை. அடுத்த ஆண்டே சிடி வந்தது. பழைய பாட்டையே மறுபடி விற்றுக் கொழுத்தார்கள்.

இரண்டு, இது திருட்டு. என் சைக்கிளைத் திருடினால் நான் நடக்க வேண்டும். என் கேசட்டை நண்பன் பதிந்துகொண்டால் நான் எதை இழந்தேன்? தாளில் பாட்டு வரிசை எழுதிக் கொடுத்து, ரெக்கார்டிங் கடையில் பதிந்து வாங்கிய தலைமுறை நாங்கள். 60 நிமிட கேசட்டில் கடைசிப் பாட்டு சரணத்தில் அறுந்துபோகும். அந்த மிச்சப் பாதிக்காகவே ஒரிஜினல் கேசட் வாங்கியவன் நான். சொந்த உபயோகத்துக்கான நியாயமான பயன்பாடு மீறல் ஆகாது என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 52-ஆம் பிரிவே சொல்கிறது. மேடைப் பேச்சாளர்கள் அதுவரை புரட்டுவதில்லை.

மூன்று, காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போட்டால் கலைஞன் பிழைப்பான். அடடா! 1984-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில், டிவி நிகழ்ச்சியை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது நியாயம்தான் என்று வாதாடி 5-க்கு 4 என்று ஜெயித்தது யார்? ரெக்கார்டர் விற்ற சோனி. 2005-இல் பாட்டு சிடிக்குள் பூட்டை ஒளித்துவைத்தது யார்? அதே சோனி கூட்டாளியாக இருந்த சோனி பிஎம்ஜி. அந்த சிடியைக் கணினியில் போட்டால், சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மென்பொருள் உள்ளே இறங்கித் தன்னை மறைத்துக்கொள்ளும்; இப்படி ஒளிந்துகொள்வதற்கு ரூட்கிட் என்று பெயர். மார்க் ருசினோவிச் என்ற நிபுணர் தன் கணினியிலேயே அதைக் கண்டுபிடித்தார். அதை நீக்கப் போனால் சிடி டிரைவே படுத்துவிடும். அது திறந்துவிட்ட மறைவிடத்தில் வைரஸ்களும் குடியேறின. கேட்டதற்கு, ரூட்கிட் என்றால் என்னவென்றே பலருக்குத் தெரியாது, பிறகென்ன கவலை என்று வானொலியில் பதில் சொன்னார் அந்நிறுவனத்தின் உயரதிகாரி. கடைசியில் லட்சக்கணக்கான சிடிகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதில் அடிபட்டவர் யார்? கடைக்குப் போய், காசு கொடுத்து, பில் வாங்கியவர். அதே பாட்டை ஓசியில் எம்பி3-ஆக இறக்கியவனை அந்தப் பூட்டு தொடக்கூட இல்லை.

2009-இல் ஆப்பிளின் ஐடியூன்ஸ் கடையிலும் பாட்டுகளின் பூட்டைக் கழற்றிவிட்டார்கள். இசை இன்னும் உயிரோடுதான் இருக்கிறது. மைக்கைப் பிடித்திருக்கும் ஐயா, இனியாவது இரங்கல் கூட்டத்தை முடித்துக்கொள்ளுங்கள்.