பேச வேண்டிய இடத்தில் மௌனம்!



சிறாருக்கு எதிரான பாலியல் கொடுமையைப் பற்றி எழுதினால் முகம் சுளிப்போர் நம்மிடையே உண்டு. "தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு இதெல்லாம் எதற்கு?" என்று கேட்போரும் உண்டு. தமிழ்ப்பள்ளியில் படிப்போரும் சிறுவர்கள்தாமே! அவர்களைக் காக்கும் கடமை, இலக்கணம் கற்பிக்கும் கடமைக்கு எவ்வகையில் குறைந்தது?

என் குற்றச்சாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் நாட்டுச் சட்டம் நமக்கு இரண்டு கட்டளைகளை இட்டிருக்கிறது. ஒரு குழந்தை பாலியல் கொடுமைக்கு ஆளானது தெரிந்தால் காவல் துறையிடம் பேசு என்பது ஒன்று. அக்குழந்தை யாரென ஊருக்குச் சொல்லாதே என்பது மற்றொன்று. நாமோ இரண்டையும் தலைகீழாக மாற்றி வைத்திருக்கிறோம். காவல் நிலையத்தில் திறக்க வேண்டிய வாயை மூடிக்கொள்கிறோம்; வாட்சாப் குழுவில் மூட வேண்டிய வாயைத் திறந்து வைக்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதம், பிரிட்டிஷ் நாட்டவன் ஒருவனுக்கு லண்டன் நீதிமன்றம் ஆயுள் தண்டனை விதித்தது. மலேசியாவிலும் கம்போடியாவிலும் சிறாருக்கு எதிராக இழைத்த 71 குற்றங்களை அவன் ஒப்புக்கொண்டிருந்தான். கோலாலம்பூரின் ஏழைக் குடும்பங்களிடையே நல்லவன் போலப் பழகியவன் அவன். நம் மண்ணில் நம் பிள்ளைகளுக்கு நேர்ந்த கொடுமையை, லண்டனில் வழக்கு நடந்த பிறகே நம் பொதுமக்கள் செய்தியாகப் படித்தார்கள். இதைவிட வெட்கக்கேடு வேறென்ன வேண்டும்?

அந்த அதிர்ச்சிக்குப் பின் நாடாளுமன்றம் 2017-இல் நிறைவேற்றியதுதான் சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டம். சட்டம் 792 என்பார்கள். 2017 ஜூலை 10 முதல் நடப்பில் உள்ளது. 18 வயதுக்குட்பட்ட ஆண், பெண் இருபாலரையும் அது காக்கிறது. தொடுவது மட்டுமே குற்றம் என்றிருந்த எண்ணத்தை அது உடைத்தது. குழந்தையிடம் பாலியல் நோக்கத்தோடு பேசுவதும், பரிசும் பாசமும் காட்டித் தன்வசப்படுத்துவதும் இன்று தனிக்குற்றங்கள். உடல்மீதான பாலியல் தாக்குதலுக்கு 20 ஆண்டுவரை சிறையும் பிரம்படியும் விதிக்கலாம்.

ஆசிரியர்களே, 16-ஆம் பிரிவைக் கவனியுங்கள். குழந்தையின் நம்பிக்கைக்கு உரியவரே குற்றம் செய்தால், உரிய தண்டனையோடு மேலும் 5 ஆண்டுவரை சிறையும் குறைந்தது 2 பிரம்படியும் உண்டு. அப்பட்டியலில் பெற்றோர், உறவினர், குழந்தை பராமரிப்பாளர் ஆகியோரோடு ஆசிரியரும் இருக்கிறார்.

அடுத்து, 19-ஆம் பிரிவு. இச்சட்டத்தின் கீழ்வரும் குற்றம் நடந்ததை அறிந்தும் தகவல் தராதவருக்கு 5,000 ரிங்கிட் வரை அபராதம் விதிக்கலாம். தலைமையாசிரியர், அத்தை, பக்கத்து வீட்டுக்காரர் என்ற வேறுபாடெல்லாம் இல்லை. அறிந்தவர் எவரும் சொல்லியாக வேண்டும். இதை அறிந்த பெற்றோர் நம்மில் எத்தனை பேர்?

மானம் யாருடையது?

நடைமுறையில் என்ன நிகழ்கிறது? "பொம்பளப் பிள்ளை, நாளைக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா?" என்பார்கள். "குடும்ப விசயம், நமக்குள்ளேயே பேசித் தீர்ப்போம்" என்பார்கள். ஆண்பிள்ளை என்றால் அதைக் கொடுமையென்றே ஏற்பதில்லை. பெரியவர்கள் நால்வர் கூடுவார்கள். குற்றவாளி கைகூப்புவான். பணம் கைமாறினாலும் மாறும். அடுத்த தீபாவளிக்கு அதே மாமா அதே வீட்டுக்கு வருவார். அப்பிள்ளை அவருக்குப் பலகாரத் தட்டு நீட்ட வேண்டும்!

இதற்குப் பெயர் மானமா? திருடியவனுக்கு வராத அவமானம் பறிகொடுத்தவனுக்கு வருவதில்லை. இந்த ஒரு குற்றத்தில் மட்டும் பாதிக்கப்பட்டவள் தலைகுனிகிறாள். செய்தவன் நிமிர்ந்து நடக்கிறான். நாம் காப்பது குழந்தையின் மானத்தை அன்று, கொடியவனின் முகத்தை.

பள்ளிகளுக்கும் இதில் பங்குண்டு. "பள்ளியின் பெயர் கெட்டுவிடும்" என்பது நம் துறையில் வழங்கும் மந்திரம். புகாருக்கு ஆளானவரைச் சத்தமின்றி வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டால் சிக்கல் தீர்ந்ததாக நினைப்போர் உள்ளனர். இடமாற்றம் தண்டனை அன்று. அடுத்த பள்ளியின் குழந்தைகளுக்கு இழைக்கும் துரோகம். பொய்ப்புகாரால் நல்லாசிரியர் கெடுவாரே என்று சிலர் கேட்கலாம். நியாயமான அச்சம்தான். அதனால்தான் விசாரணையைக் காவல் துறையிடம் விட வேண்டும் என்கிறேன். மெய்யா பொய்யா என்று தீர்ப்பளிக்கும் பயிற்சியை எந்த ஆசிரியர் கல்விக் கழகமும் நமக்குத் தந்ததில்லை.

மூட வேண்டிய வாய்

2001-ஆம் ஆண்டுச் சிறார் சட்டத்தின் 15-ஆம் பிரிவு ஊடகங்களுக்கு வரம்பு கட்டுகிறது. பாதிக்கப்பட்ட சிறுவரின் பெயர், முகவரி, பள்ளி, படம், அடையாளம் காட்டக்கூடிய வேறு விவரம் எதையும் வெளியிடலாகாது. மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதமோ 5 ஆண்டுவரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம்.

பெயரை மட்டும் விட்டுவிட்டால் போதும் என்று எண்ணும் செய்தியாளர் உண்டு. தந்தையின் வயது, தொழில், குடியிருப்பின் பெயர், மகள் ஐந்தாம் ஆண்டு மாணவி என்பதெல்லாம் செய்தியில் வந்துவிட்டால், பெயர் எதற்கு? அந்தக் குடியிருப்புக்கே தெரிந்துவிடாதா? அதன்பின் வாட்சாப் தன் வேலையைத் தொடங்கும். "யார் பிள்ளை?", "எந்தப் பள்ளி?", படம், குரல்பதிவு... 15-ஆம் பிரிவு எழுதப்பட்ட காலத்தில் ஊடகம் என்றால் நாளிதழும் வானொலியும் தொலைக்காட்சியும். இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஓர் ஊடகம் இருக்கிறது. செய்தியாளருக்கு உரிய அறம் நமக்கு இல்லையா?

துணிந்து பேசியவரை நாம் நடத்திய விதத்தையும் நினைத்துப் பாருங்கள். 2021 ஏப்ரலில் சிலாங்கூரைச் சேர்ந்த 17 வயது மாணவி ஒருவர், உடற்கல்வி வகுப்பில் ஆசிரியர் வன்புணர்ச்சியை வேடிக்கைப் பேச்சாக்கினார் என்று டிக்டாக் காணொலியில் கூறினார். ஆதரவு பெருகியது; மிரட்டலும் வந்தது. அவர் சொன்னதை ஆராய்வதை விட்டுவிட்டு, சொன்னவரை ஆராய்ந்தோர் எத்தனை பேர்! அதைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற மாணவிகள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்?

தமிழில் யார் சொல்வது?

சட்டத்தின் அதிகாரப்பூர்வ வாசகம் மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. நம் பாட்டிமார்களுக்கும், இரவு வேலைக்குச் செல்லும் தாய்மார்களுக்கும் அதைத் தமிழில் யார் கொண்டுபோய்ச் சேர்ப்பது? கொலை, கொள்ளை, கற்பழிப்பு என்று முதல் பக்கத்தை நிரப்பும் தமிழ் ஊடகம், எங்கே புகார் செய்வது என்று கடைசி வரியிலாவது எழுதுகிறதா? 'கற்பழிப்பு' என்னும் சொல்லே பிழை. கொடுமைக்கு ஆளானவள் எதையும் இழக்கவில்லை. வன்புணர்ச்சி என்று எழுதுங்கள். குற்றம் செய்தவன் பக்கம் விரல் நீளும்.

நலக்கல்விப் பாடத்தையும் சொல்லியாக வேண்டும். உடலுறுப்புகளின் பெயர், பாதுகாப்பான தொடுதல், பாதுகாப்பற்ற தொடுதல், "வேண்டாம்" என்று சொல்லி விலகி நம்பிக்கையான பெரியவரிடம் கூறுதல் ஆகியவை தொடக்கப்பள்ளிப் பாடத்திலேயே உள்ளன. வெட்கத்தால் அப்பக்கங்களைப் புரட்டிவிட்டுக் கணிதப் பயிற்சிக்குத் தாவுவோர் நம்மில் இல்லையா? "சின்னப் பிள்ளைகளைக் கெடுக்காதீர்கள்" என்று பள்ளிக்கு வந்து சண்டையிடும் பெற்றோர் இல்லையா? பெயர் தெரியாத உறுப்பைப் பற்றி ஒரு குழந்தை எப்படிப் புகார் சொல்லும்?

என்ன செய்யலாம்?

ஒரு குழந்தை வாய் திறந்தால் அமைதியாகக் கேளுங்கள். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று வாக்களிக்காதீர்கள். அவ்வாக்கைக் காப்பாற்ற இயலாது. துருவித் துருவிக் கேட்காதீர்கள். அது சொன்ன சொற்களை அப்படியே எழுதி வையுங்கள். உடனே காவல் நிலையத்துக்குச் செல்லுங்கள். அல்லது தாலியான் காசே 15999 எண்ணுக்கு அழையுங்கள். உடலில் காயமோ வலியோ இருப்பின் அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

நீதிமன்றத்தில் குழந்தை மிரளுமே என்று அஞ்சுவோருக்கு ஒன்று சொல்வேன். 2007-ஆம் ஆண்டின் சிறார் சாட்சியச் சட்டப்படி, 18 வயதுக்குட்பட்ட சாட்சி திரைமறைவிலோ நேரடிக் காணொலி வழியாகவோ சாட்சியம் தரலாம். சிறாருக்கு எதிரான பாலியல் குற்றங்களுக்கெனத் தனி நீதிமன்றம் 2017 ஜூனில் புத்ராஜெயாவில் திறக்கப்பட்டது. வேறு சான்று இல்லையெனினும், குழந்தையின் சாட்சியத்தைக் கொண்டே தீர்ப்பளிக்கச் சட்டம் 792 இடந்தருகிறது. சட்டம் குழந்தையை நம்பத் தொடங்கிவிட்டது. நாம் எப்போது நம்பப் போகிறோம்?

பெற்றோர் ஆசிரியர் சங்கங்களுக்கு என் வேண்டுகோள் இது. ஆண்டுக் கூட்டத்தில் விளையாட்டுப் போட்டிக்கும் நன்கொடைக்கும் ஒதுக்கும் நேரத்தில் அரைமணியை இதற்குத் தாருங்கள். மாவட்டக் காவல் துறை அதிகாரி ஒருவரை அழையுங்கள். 19-ஆம் பிரிவையும் 15-ஆம் பிரிவையும் எளிய தமிழில் ஒரே தாளில் அச்சிட்டு வீட்டுக்கு வீடு அனுப்புங்கள். மின்னல் பண்பலை போன்ற வானொலிகளிடம் வாரம் ஒரு முறை இதைச் சொல்லுமாறு எழுதிக் கேளுங்கள்.

ஊர் என்ன சொல்லும் என்று இதுவரை அஞ்சினோம். குழந்தை என்ன சொல்கிறது என்று இனியாவது கேட்போம்.

அன்புடன்,
ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்