டிவி ரெக்கார்டர் வாங்கப் போகிறீர்களா?

போன வாரம் என்னோடு ஒரே செக்‌ஷனில் பல வருஷம் வேலை பார்த்த நண்பர் போன் செய்தார். இப்போதெல்லாம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அவரால் விழித்திருக்க முடிவதில்லையாம். அவருக்குப் பிடித்த கச்சேரியோ பத்து மணிக்கு மேல்தான் வருகிறதாம்.

“பதிஞ்சு வச்சு மறுநாள் காலையில பார்க்கிற மாதிரி ஒரு பெட்டி வாங்கலாம்னு பையன் சொல்றான். நீங்க ரொம்ப நாள் வச்சிருந்தீங்களே, எதை வாங்கலாம்?” என்றார்.

கடைக்காரர் அவரிடம் ஒன்றில் 500 ஜிபி, இன்னொன்றில் 1 டிபி, பெரியதாக வாங்கினால் கவலையில்லை என்று சொல்லியிருக்கிறார். நான் நண்பரிடம், “எவ்வளவு கொள்ளும் என்பதைக் கடைசியாகக் கேளுங்கள். பதிந்தது யாருக்குச் சொந்தம் என்பதை முதலில் கேளுங்கள்” என்றேன். அவருக்குப் புரியவில்லை. உங்களுக்கும் புரியாமல் இருக்கலாம். எனக்கே அது கைசுட்ட பிறகுதான் புரிந்தது.

நம் வயதுக்காரர்களுக்கு வீசிஆர் காலம் நினைவிருக்கும். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியோடு கலர் டிவி வந்தது. அதற்குப் பின்னால் ஒவ்வொரு தெருவிலும் ஒன்றிரண்டு வீடுகளில் வீசிஆர் வந்தது. பிரெஞ்சு படித்த நாங்கள் அதை ‘மாஞெத்தோஸ்கோப்’ என்போம். நேரம் குறித்துப் பதிவு செய்வதற்குள் பாதி உயிர் போய்விடும். மூன்று மணி நேரக் கேசட்டில் படம் முடிவதற்குள் நாடா தீர்ந்துவிடும். ஆனால் என் வீட்டில் பதிந்த கேசட்டை எதிர்வீட்டு மெஷினில் போட்டால் ஓடும். மெஷின் பழுதாகிப் போனாலும் கேசட் அலமாரியில் பத்திரமாக இருக்கும். மெஷின் வேறு, பதிவு வேறு.

2008 வாக்கில் நம் நாட்டு டிடிஎச் நிறுவனங்கள் ஹார்ட் டிஸ்க் வைத்த செட்டாப் பாக்ஸைக் கொண்டுவரத் தொடங்கின. கொஞ்ச காலம் கழித்து நானும் ஒன்று வாங்கினேன். பொய் சொல்லக் கூடாது, அருமையான சாமான். போன் வந்தால் நிகழ்ச்சியை அப்படியே நிறுத்தி வைக்கலாம். ஒரு சேனலைப் பார்த்துக்கொண்டே இன்னொன்றைப் பதியலாம். டிவி5 மோந்த் சேனலில் அர்த்தராத்திரிக்கு மேல் வரும் பிரெஞ்சுப் படங்களை மறுநாள் மத்தியானம் சாவகாசமாகப் பார்ப்பேன். அந்த நேரத்தில் என் மனைவி ஹாலை விட்டு எழுந்து போய்விடுவாள்.

2014 பொங்கலுக்கு முன்னால் எங்கள் ஊரில் ஒரு பட்டிமன்றம் நடந்தது. ஒரு தனியார் சேனல் அதைப் படம் பிடித்தது. ஓய்வுபெற்ற பிறகு வீட்டில் வேலை கணவனுக்கா மனைவிக்கா என்பது தலைப்பு. நடுவில் சபையில் இருப்பவர்களிடம் மைக்கைக் கொடுத்தார்கள். என் மனைவி எழுந்தாள். நாற்பது வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவள் பேசி நான் பார்த்ததில்லை. இரண்டு நிமிஷம் பேசினாள். “ரிட்டையர் ஆகி இவர் டிவியில பதிவு செய்யக் கத்துக்கிட்டார், காப்பி போட மட்டும் இன்னும் கத்துக்கலை” என்றதும் அரங்கமே சிரித்தது. பொங்கலன்று அது ஒளிபரப்பானபோது பெட்டியில் பதிந்து வைத்தேன். “போதுங்க, அந்தப் புடவையில நல்லாவே இல்லை, அழிச்சுடுங்க” என்பாள். நான் அழிக்கவில்லை.

2017-ல் அவள் போய்விட்டாள். அதன் பிறகு எத்தனை தடவை அதைப் போட்டுப் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை.

2019-ல் ஒரு நாள் பெட்டி உயிர் விட்டது. டெக்னீஷியன் பையன் வந்தான். நல்ல பையன்தான். புதுப் பெட்டியை மாட்டி, பழையதைப் பைக்குள் வைத்து, ஒரு படிவத்தை நீட்டினான். கையெழுத்துப் போட்டேன். அப்புறம்தான், “தம்பி, அதுல பதிஞ்சதெல்லாம்?” என்று கேட்டேன்.

“பெட்டி கம்பெனியோடது சார், டிஸ்க்கும் அதோட சேர்ந்ததுதான். அதைக் கழட்டி வேற பெட்டியில போட்டாலும் ஓடாது சார். லாக் ஆகியிருக்கும்” என்றான்.

34 வருஷம் குமாஸ்தாவாக இருந்தவன் நான். படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. ஆபீஸ் காப்பி எடுத்து வைக்காமல் ஒரு தாளைக்கூட மேசையை விட்டு அனுப்பியதில்லை. என் சொந்த வீட்டில், எனக்கு வேண்டிய ஒன்றே ஒன்றுக்கு ஆபீஸ் காப்பி எடுக்கவில்லை. சேனலுக்கு இரண்டு கடிதம் எழுதினேன். பழைய டேப் எதுவும் வைத்திருப்பதில்லை என்று போனில் பதில் வந்தது.

கம்பெனிக்காரர்கள் பூட்டுப் போடுவதில் நியாயமே இல்லை என்று நான் சொல்லவில்லை. படத்தைப் பதிந்து விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆனால் வீட்டில் பார்ப்பதற்காகப் பதிபவன் திருடன் இல்லை. அமெரிக்காவில் சினிமா கம்பெனிகள் சோனியின் பீட்டாமேக்ஸ் மெஷின் மீது வழக்குப் போட்டன. ஒளிபரப்பை வீட்டில் பதிந்து பிறகு பார்ப்பது குற்றமில்லை என்று 1984-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நால்வர் மறுபக்கம். ஒரே ஓட்டில் பிழைத்த உரிமை அது.

“எல்லாம் யூடியூப்ல இருக்கும் தாத்தா” என்கிறான் பேரன். எல்லாம் இருப்பதில்லை. பெரிய நிறுவனங்களே தம் சொத்தைத் தொலைத்திருக்கின்றன. லண்டன் பிபிசி 1960, 70-களில் ‘டாக்டர் ஹூ’ தொடரின் பல பகுதிகளை அழித்துவிட்டது. படம் போனாலும் அவற்றின் ஒலி இன்று கிடைக்கிறது. எப்படி? வீட்டில் டிவி முன்னால் டேப் ரெக்கார்டரை வைத்துப் பதிந்த ரசிகர்களால். பிரான்சில் வானொலி, தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைச் சேமித்து வைக்க 1992-ல் சட்டமே போட்டார்கள். ஈனா என்ற அரசு நிறுவனம் அந்த வேலையைச் செய்கிறது. நமக்கு அப்படி எதுவும் இல்லாதபோது, நம் அலமாரிதான் நமக்கு ஈனா.

ஆகவே நண்பருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

முதலில், பதிவு எதில் சேர்கிறது என்று கேளுங்கள். பெட்டிக்குள் இருக்கும் டிஸ்க்கிலா, நீங்கள் செருகும் பென் டிரைவிலா? பென் டிரைவ் என்றதும் மகிழ்ந்துவிடாதீர்கள். டிடிஎச் பெட்டிகள் பலவற்றில் பதிந்தது அதே பெட்டியில்தான் ஓடும். டிவியிலேயே பதியும் வசதி இருந்தாலும் பெரும்பாலும் அதே கதைதான். சில பெட்டிகள் பென் டிரைவை முதலில் துடைத்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிக்கும், பேரன் பேத்தி போட்டோ இருக்கும் டிரைவைச் செருகிவிடாதீர்கள். கடையிலேயே ஐந்து நிமிஷம் பதியச் சொல்லுங்கள். அந்த டிரைவை உருவி வேறொரு டிவியிலோ கம்ப்யூட்டரிலோ போடச் சொல்லுங்கள். ஓடினால் பதிவு உங்களுடையது. தூர்தர்ஷனின் டிடி ஃப்ரீ டிஷ்ஷுக்கு மாதச் சந்தா கிடையாது. அதற்கான சாதாரணப் பெட்டிகள் சில இந்தச் சோதனையில் தேறும். ஆனால் அதில் வரும் சேனல்கள் உங்களுக்குப் போதுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, ரீசார்ஜ் நின்றுபோனால் பழைய பதிவுகளைப் பார்க்க முடியுமா? பதிலை வாய்வார்த்தையாகக் கேட்காமல் தாளில் எழுதி வாங்குங்கள்.

மூன்றாவது, இரண்டு ட்யூனர் இருக்கிறதா? இல்லையென்றால் வீட்டில் ஒருவர் சீரியல் பார்க்கும்போது இன்னொருவர் கச்சேரியைப் பதிய முடியாது. குடும்ப அமைதிக்கு அவசியமான விஷயம்.

நான்காவது, கரண்ட் போய் வந்தால் குறித்து வைத்த பதிவைப் பெட்டி மறக்காமல் செய்கிறதா? கடையிலேயே ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள்.

ஐந்தாவது, ரிமோட்டைக் கண்ணாடி இல்லாமல் கையில் பிடித்துப் பாருங்கள். பதியும் பட்டன் எது, அழிக்கும் பட்டன் எது என்று தெரியாவிட்டால் அந்தப் பெட்டி நமக்கானதில்லை.

இத்தனைக்கும் பிறகுதான் ஜிபி கணக்கு. ஹெச்டி சேனல் என்றால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் மூன்று ஜிபி, சாதாரண சேனல் என்றால் ஒரு ஜிபி என்று வைத்துக்கொள்ளுங்கள். 500 ஜிபியில் ஹெச்டியே நூற்றைம்பது மணி நேரம் கொள்ளும். நம் வயதில் அதைப் பார்த்துத் தீர்ப்பதே பெரிய காரியம்.

கச்சேரி, சினிமா, கிரிக்கெட் இதற்கெல்லாம் பூட்டுப் போட்ட பெட்டியே போதும். பார்த்துவிட்டு அழித்துவிடப் போகிறோம். ஆனால் உங்கள் வீட்டு மனுஷர் யாராவது திரையில் வந்தால், இரண்டு நிமிஷமானாலும், எந்தப் பெட்டியையும் நம்பாதீர்கள். செல்போனைத் திரைக்கு நேரே பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் மங்கலாக இருக்கும், பரவாயில்லை. அதை மகனுக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று அனுப்பி வையுங்கள். ஆபீஸ் காப்பி அவர்களிடம் இருக்கும்.

நண்பர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அது சரி, காப்பி போடக் கத்துக்கிட்டீங்களா?” என்றார். கற்றுக்கொண்டேன். ருசி பார்த்துச் சொல்லத்தான் ஆளில்லை.