மிஞ்சிய இஞ்செராவை யாரும் தூக்கிப் போடுவதில்லை!

நேற்று சுட்டது மிஞ்சிவிட்டதா? எத்தியோப்பிய வீடுகளில் அதுதான் இன்றைய காலை உணவு. பெயர் ஃபிர்ஃபிர்.

மிஞ்சியது இஞ்செரா. டெஃப் என்ற தானியத்தில் செய்யும் மெத்தென்ற புளிப்பு ரொட்டி. நம் தோசையைவிடப் பெரியது. டெஃப் மணிகள் கசகசாவைப் போலப் பொடிப்பொடியாக இருக்கும். அதை மாவாக்கிக் கரைத்து, முந்தைய மாவில் எடுத்து வைத்த புளித்த நீரைச் சேர்த்து இரண்டு மூன்று நாள் வைப்பார்கள். அந்த நீருக்கு எர்ஷோ என்று பெயர். மாவு பொங்கியதும், மித்தாத் என்ற அகலமான மண்கல்லில் வட்டமாக ஊற்றி மூட வேண்டும். திருப்பிப் போடுவது கிடையாது. அடிப்பக்கம் வேகும்போதே மேலே குட்டிக் குட்டிக் கண்கள் திறந்துவிடும்.

இதைத் தினமும் சுடுவது லேசான காரியம் இல்லை. கிராமத்து வீட்டில் எரியும் விறகில் பெரும்பங்கு இஞ்செரா சுடவே போய்விடுகிறது. விறகு சுமப்பதும், புகைக்கு நடுவே உட்கார்ந்து சுடுவதும் பெரும்பாலும் பெண்கள்தான். அதனால் இரண்டு மூன்று நாளைக்குச் சேர்த்துச் சுட்டு, மூடி போட்ட கூடையில் அடுக்கி வைக்கிறார்கள். நாளாக ஆக ஓரம் காயத் தொடங்கும். அப்போது கைகொடுப்பதுதான் ஃபிர்ஃபிர்.

வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, முதலில் எண்ணெய் விடாமலே வதக்குவது அந்த ஊர்ப் பழக்கம். ஈரம் சுண்டியதும் வாசனைப் பொருட்கள் போட்டு உருக்கிய நெய், பெர்பெரே என்ற காரமான மசாலாப் பொடி, பூண்டு, தக்காளி, கொஞ்சம் தண்ணீர். குழம்பு கொதித்ததும் இஞ்செராவைக் கையாலேயே கிழித்துப் போட்டு ஒரு புரட்டு. சற்றே காய்ந்த இஞ்செராதான் இதற்கு நல்லது. குழம்பை நன்றாக உறிஞ்சும், கூழாகக் குழையாது.

புதனும் வெள்ளியும் அந்நாட்டு ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு நோன்பு நாள். கறி, பால், முட்டை எதுவும் கூடாது. அன்று நெய்க்குப் பதில் எண்ணெய். மற்ற நாட்களில் வசதி இருந்தால் மாட்டிறைச்சி உப்புக்கண்டமும் சேரும்.

இஞ்செரா மிஞ்சாத நாளில்? அதற்குத்தான் செச்செப்சா. ஓரோமோ மக்களின் செல்ல உணவு. புளிக்க வைக்காத மாவில் ரொட்டி சுட்டு, சூட்டோடு பிய்த்து, நெய்யும் பெர்பெரேயும் போட்டுப் பிரட்டுவார்கள். மேலே தேன் ஊற்றிச் சாப்பிடுபவர்களும் உண்டு.

ஃபிர்ஃபிரைப் பரிமாறுவதும் இஞ்செரா மேல்தான். குடும்பமே ஒரே தட்டைச் சுற்றி உட்கார்ந்து, புது இஞ்செராவைக் கிழித்து, அதில் ஃபிர்ஃபிரைச் சுற்றி எடுத்துச் சாப்பிடுகிறது. பிரியமானவர் வாயில் ஒரு கவளம் ஊட்டினால் அதற்குக் குர்ஷா என்று பெயர். மறுத்தால் மனம் நோகும்.

ஒரு துண்டு இஞ்செரா குப்பைக்குப் போனால் மூன்று நாள் புளிப்பும், ஒரு கட்டு விறகும், ஒரு பெண்ணின் முதுகுவலியும் கூடவே போகும். அது அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால்தான் கூடையில் கடைசித் துண்டு இருக்கும்வரை காலைச் சாப்பாட்டுக்குக் கவலை இல்லை.