ஹேப்பியும் மகிழம்பூவும்
ஸ்ரீவைகுண்டம் பஸ் ஸ்டாண்டில் ஒரு பிறந்தநாள் பிளெக்ஸ். ஆள் உயரத்துக்கு ‘ஹேப்பி’. வைகுண்டத்துக்கே வந்துவிட்டவனுக்கு இது வேறா என்று சிரித்துக்கொண்டேன். அதன் வேர் ‘ஹேப்’ என்றால் அதிர்ஷ்டம், தற்செயல். ‘பெர்ஹேப்ஸ்’கூட அந்த வீட்டுப் பிள்ளைதான். முதலில் அதிர்ஷ்டக்காரன்தான் ஹேப்பி, சந்தோஷம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. 1961-ல் முத்துக்குளிப்பு நின்றுபோகும்வரை தூத்துக்குடிக் கரையில் சிப்பியைத் திறக்காமலே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்தார்களே, அவர்களுக்கு இது சட்டென்று புரிந்திருக்கும். நம் ‘மகிழ்’ வேறு ரகம்; சங்க காலத்தில் கள் மயக்கத்துக்கும் அதே சொல். ஆனால் பக்கத்து ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வாருக்கு மகிழம்பூ மாலை. அங்கே வாங்கிய சிறு சரம் சட்டைப்பையில் சருகாகிவிட்டது. மணம் மட்டும் போகவில்லை.